மூன்றெழுத்தில் மூன்று தலைமுறை

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதையில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்தால் வருவது பொத்தேரி. ஏரியைத் தன் பெயரிலேயே தாங்கிய இவ்வூரில் இன்று பெரும் பல்கலைக்கழகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், வாணியம்பாடி எனப் பல ஊர்களிலிருந்தும் தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் வந்து இப்பகுதியில் குடியமர்ந்த குடும்பங்கள் பல. அவர்தம் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஓதிக்கொடுக்கும் பணி நம்முடையது.

அப்பிள்ளைகளிடம் தந்தையின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வர். பாட்டனாரின் பெயரைக் கேட்டால், கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ‘அப்பா’ என்றும், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ‘தாதா’ என்றும் அழைப்பு முறையைச் சொல்லி நிற்பரேயன்றி, அவருக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதையே எண்ணிப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரியும். பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்டு நம்மிடம் வரும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே நிபந்தனையைத்தான் வைக்கின்றனர். பெயர் சிறியதாக இருக்கவேண்டும், புதியதாக இருக்கவேண்டும், வேறெவரும் வைத்திராததாக இருக்கவேண்டும். இப்பெயரை நம் குடும்பத்தில் இதற்குமுன் தாங்கியவர் யார் என்னும் கேள்வி எழுவது அரிதாகிவிட்டது.

பெயரின் பொருள் என்ன என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பது நன்றே. ஆனால் பொருளோடு வரலாறும் சேர்ந்தபோதுதான் பெயர் நிறைவு பெறுகிறது. இதனை நாடறிந்த ஒரு பெயரைக் கொண்டே ஆராய்வோம்.

ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்னும் பெயரை அறியாத தமிழ்ச் சிறுவன் இல்லை. முன்னிற்கும் மூன்று எழுத்துகளையும் அவன் தடையின்றிச் சொல்வான். அவை மூன்று எழுத்துகள் அல்ல, மூன்று மனிதர்கள் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். ஆவுல் என்பவர் கொள்ளுப்பாட்டனார். பக்கீர் என்பவர் பாட்டனார். ஜைனுலாப்தீன் என்பவர் தந்தை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்த குழந்தைக்கு அப்துல் கலாம் என்று பெயர் சூட்டியபோது, அப்பெயரின் முன்னே மூன்று தலைமுறையும் வரிசையாக வந்து நின்றன.

இவ்வமைப்பு அரபு மொழியின் பெயர் மரபோடு பெரிதும் பொருந்துவது. அரபியர் பெயரில் ஐந்து உறுப்புகள் உண்டு. இட்ட பெயர் இஸ்மு எனப்படும். இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் எனப் பிள்ளையைச் சார்ந்து வழங்குவது குன்யத்து. சிறப்பினால் வருவது லகபு. இன்னாரின் மகன் என வழிவழியாகத் தொடுப்பது நஸபு. ஊரையோ குலத்தையோ தொழிலையோ சுட்டுவது நிஸ்பத்து. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்று திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிடுவதால், நஸபைக் காப்பது வெறும் குல வழக்கமாக நில்லாமல் மார்க்கக் கடமையாகவும் ஆயிற்று. அரபியர் ‘இப்னு, இப்னு’ என்று தொடுத்ததை நம் தமிழ் முன்னோர் தலைப்பெழுத்தாகச் சுருக்கி முன்னே வைத்தனர். குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லாத நமக்கு, நஸபு தங்கியிருக்கும் இடம் அத்தலைப்பெழுத்தே.

இனி அப்பெயர்களின் பொருளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பக்கீர் என்பது பகீர் என்னும் அரபுச் சொல். வறியவர், தேவையுடையவர் என்பது பொருள். மனிதரே, நீங்கள் அனைவரும் இறைவன்பால் தேவையுடையவர்களே என்று திருமறை விளிக்கும் இடத்தில் இச்சொல்லின் பன்மையே ஆளப்பட்டிருக்கிறது. ஆகவே மகனுக்குப் பக்கீர் என்று பெயரிட்ட தந்தை அவனை வறியவனாக்க விரும்பினார் அல்லர். இறைவன் முன்னிலையில் தன்னிலை அறிந்தவனாக வாழ விரும்பினார் என்றே கொள்ளவேண்டும். இதே கருத்தில்தான் நாகூர்ப் பிச்சை, முகைதீன் பிச்சை என்னும் பெயர்களும் நம் ஊர்களில் வழங்கின. தவமிருந்து பெற்ற பிள்ளை, முன்பிறந்தவை தங்காமல் பின்னே பிறந்து தங்கிய பிள்ளை என்று ஒரு தாயின் கண்ணீரே அப்பெயருக்குள் இருக்கும். இன்று அத்தகைய பெயரைக் கேட்டு நகைப்போர், அதனை இட்ட தாயின் துயரை அறியாதவர்.

ஜைனுலாப்தீன் என்பது ஸைனுல் ஆபிதீன். வணக்கசாலிகளின் அணிகலன் என்பது பொருள். இது இட்ட பெயராகப் பிறந்ததன்று. சிறப்புப் பெயராகப் பிறந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் மகனாருக்கு வழங்கிய லகபு அது. ஹிஜ்ரி 61-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 680-இல், கர்பலாக் களத்தில் நோயுற்றுப் படுத்திருந்தமையால் உயிர் பிழைத்தவர் அவர். அவருக்கு இட்ட பெயர் அலீ. பாட்டனார் அலீ (ரலி) அவர்களின் பெயரே பேரருக்கு இடப்பெற்றது. இமாம் ஹுஸைன் தம் ஆண்மக்களுள் ஒருவர்க்கு மட்டுமின்றி மேலும் சிலர்க்கும் அலீ என்றே பெயரிட்டார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். தந்தையின் பெயர் தம் இல்லத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் பேரன்பை இதில் காண்கிறோம்.

தமிழ் மரபுக்கு இது புதியதன்று. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. அதுவே பேத்தி ஆயிற்று. உறவைக் குறிக்கும் சொல்லிலேயே பெயர்க்கொடையை வைத்துப் போற்றியவர் நம் முன்னோர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் தமக்கு மகன் பிறந்தபோது, தம் மூதாதையரான நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைச் சூட்டியதாகத் தோழர்களிடம் அறிவித்தார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முன்னோரைத் தந்தை என்றே அவர்கள் குறித்தமை ஈண்டு சிந்திக்கத்தக்கது.

அப்துல் கலாம் என்பதைப் பற்றி ஒரு சொல். கலாம் என்றால் சொல், பேச்சு. அகீதாப் பாடத்தில் இறைவனின் ஏழு பண்புகளை எண்ணும்போது உயிர், அறிவு, ஆற்றல், நாட்டம், கேள்வி, பார்வை ஆகியவற்றோடு கலாம் என்பதையும் மாணவர் ஓதுவர். அப்து என்பது அடிமை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என இறைவனின் திருநாமத்தோடு இச்சொல்லைச் சேர்ப்பதே பெருவழக்கு. அவ்விரு பெயர்களும் இறைவனுக்கு மிக உவப்பானவை என்பது நபிமொழி. பண்பைக் குறிக்கும் கலாமோடு சேர்ந்து வருவது அருகிய வழக்கு. அபுல் கலாம் என்பது வேறு. சொல்லின் தந்தை, அதாவது சொல்வன்மை மிக்கவர் எனப் பொருள்படும் குன்யத்து அது. மௌலானா ஆஸாத் (1888-1958) அவர்களால் நாடெங்கும் அறியப்பட்டது. இலக்கணம் பார்ப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். எனினும் சொல்லுக்கு அடிமை என்னும் பொருளை அதனைத் தாங்கியவரின் வாழ்வும் விளக்கிற்று. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்த அவர், அப்பொறுப்பிலிருந்து நீங்கியபின் மாணவர்களைத் தேடித் தேடிச் சென்று பேசினார். 2015-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங் நகரில் மாணவர் அவையில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார்.

அவருடைய தமையனாரின் பெயர் முகம்மது முத்து மீரா லெப்பை மரைக்காயர். 104 வயது வரை வாழ்ந்து 2021-இல் மறைந்தவர். அப்பெயரில் ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. முகம்மது என்பது அண்ணலாரின் திருப்பெயர். முத்து, மன்னார் வளைகுடாவின் விளைபொருள்; தூய தமிழ். மீரா, மீரான் என்பதன் குறுக்கம். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை அவர்களை மக்கள் அன்போடு மீரான் சாகிபு என்பர். லெப்பை, ஓதிக்கொடுக்கும் பெரியோர்க்கு வழங்கிய பட்டம். மரைக்காயர், மரக்கலம் செலுத்தி வாணிகம் செய்த குடியினர். 1914-இல் பாம்பனில் இரயில் பாலம் திறக்கப்பட்டபின் படகுத் தொழில் சுருங்கியது. ஆயினும் தொழிலின் நினைவு பெயரில் நின்றது. இராமேசுவரம் கோயிலின் திருமண விழாவின்போது திருவுருவங்களைக் குளத்தின் நடுவே கொண்டு செல்லத் தம் குடும்பத்தார் படகு அமைத்துக் கொடுத்ததைக் கலாம் அவர்கள் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய அயலார் நட்பும் மரைக்காயர் என்னும் ஒரு சொல்லின் பின்னே இருக்கிறது.

முத்து, பிச்சை போன்ற தமிழ்ச் சொற்கள் பெயரில் இருப்பது குறை என்றும், ஜைனுலாப்தீன் போன்ற உச்சரிப்புகள் சிதைவு என்றும் இன்று சிலர் கருதுகின்றனர். இவ்விரண்டு கருத்தும் ஆராயத்தக்கன. வேற்றுமொழிச் சொல் தமிழில் வரும்போது தமிழ் எழுத்துக்கு இயைய மாறி வருதலைத் தொல்காப்பியம் முதலாக நம் இலக்கணங்கள் ஏற்றுக்கொள்கின்றன. செய்கு அப்துல் காதிர் என்னும் பெயர் சீதக்காதி ஆனது அவ்வாறே. பக்தாதில் ஹிஜ்ரி 561-இல், கி.பி. 1166-இல் மறைந்த முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயர், 17-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் உமறுப் புலவரைப் புரந்த வள்ளலிடம் சீதக்காதியாக வாழ்ந்தது. 1838-இல் சென்னையில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் இயற்பெயரும் சுல்தான் அப்துல் காதிர் என்பதே. சீதக்காதி என்னும் உருவைச் சிதைவு என்று தள்ளிவிட்டால், தமிழ் இலக்கியத்தில் ஒரு கொடையாளியின் முகத்தையே இழந்துவிடுவோம்.

அரபு மொழியும் இதற்கு விலக்கன்று. இப்ராஹீம், இஸ்மாயீல், யூஸுப் முதலிய பெயர்கள் அரபியில் பிறந்தவை அல்ல. அவை அஜமிப் பெயர்கள் ஆகையால் தன்வீன் ஏற்பதில்லை என்று நஹ்வுப் பாடத்தின் தொடக்கத்திலேயே மாணவர் ஓதுகின்றனர். வந்த பெயரைத் தன் நாவுக்கேற்ப ஏற்றுக்கொண்டு, அது வந்த வழியையும் இலக்கணத்தில் குறித்து வைத்த மொழி அது. நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோதும் இத்தகைய ஒழுங்கைப் பேணினர். நாவு தமிழாகவே ஒலிக்க, ஏட்டில் ஸாயும் ஐனும் காபும் தத்தம் இடத்தில் பிழையின்றி நின்றன. அரபுத் தமிழ் எழுத்து வழக்கொழிந்து வருவதால்தான் இன்று பெயரின் மூலம் எது என்னும் ஐயம் மிகுகிறது.

அந்த ஐயம் சிறியதன்று. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவர்க்கு ஆஸியா என்னும் பெயர் இருந்தது. ஐனும் ஸாதும் கொண்ட அச்சொல்லுக்கு மாறு செய்பவள் என்று பொருள். அண்ணலார் அதனை ஜமீலா, அழகியவள், என மாற்றினார்கள். பிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சாமல் ஈமானைக் காத்த ஆஸியா நாயகியின் பெயரோ அலிபும் ஸீனும் கொண்டது, போற்றுதற்குரியது. தமிழில் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுகிறோம். எனவே பெயரைத் தமிழ் ஒலியால் மட்டும் கண்டு தேர்ந்தெடுப்பது போதாது. மூல எழுத்தை அறிந்தவரிடம் காட்டிக் கேட்பது இன்றியமையாதது.

பரம்பரை என்பதற்காக எப்பெயரையும் சுமக்கலாமா என்று கேட்கலாம். இதற்கு ஹதீதில் விடை இருக்கிறது. ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு ஹஸ்னு என்று பெயர். கரடுமுரடான நிலம் என்பது பொருள். ஸஹ்லு, மென்மையான சமநிலம், என்று மாற்றிக்கொள்ளுமாறு அண்ணலார் கூறியபோது, தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன்பின் எங்கள் குடும்பத்தில் கடுமை நீங்கவேயில்லை என்று பேரர் ஸயீத் வருந்திச் சொன்னார். பொருள் தீயதாயின் மரபு வழிவிடவேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. அவ்வாறே, முன்னோரைச் சொல்லிப் பெருமை பேசுவதையும் மார்க்கம் வெறுக்கிறது. குலமும் கிளையும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்கிறது திருமறை. பக்கீர் என்னும் பாட்டனாரின் பெயரைத் தலைப்பெழுத்தில் தாங்குபவர் எதைச் சொல்லிச் செருக்கடைவார்? அறிந்து போற்றுவது வேறு, சொல்லிப் பிதற்றுவது வேறு.

தலைப்பெழுத்தில் ஒரு குறையும் உண்டு, அதனையும் சொல்லவேண்டும். ஆவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் மூவரும் ஆண்கள். கலாம் அவர்களின் அன்னையார் ஆஷியம்மா. தமக்கையார் ஜொஹரா. இவ்விரு பெயர்களும் அம்மூன்று எழுத்துகளில் இல்லை. ஆனால் 1950-களில் கலாம் அவர்கள் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் இடம் பெற்றபோது, கட்டணம் செலுத்த வழியின்றித் தந்தையார் திகைக்க, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் ஜொஹரா அவர்களே. ஒளி மிக்கவள் எனப் பொருள்படும் ஸஹ்ரா என்பது அன்னை பாத்திமா (ரலி) அவர்களின் சிறப்புப் பெயர் என்பதை நாம் அறிவோம். பொத்தேரியிலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தாம்பரத்தை அடுத்துக் குரோம்பேட்டையைக் கடக்கும்போது, அங்கே ஒரு பெண்ணின் வளையல்களால் வானூர்திக் கல்வி பெற்ற மாணவர் இருந்தார் என்பதை எண்ணவேண்டும். தலைப்பெழுத்து தந்தைவழி மட்டுமே செல்லும். பெண்வழியைக் காப்பது எது? பேரனுக்கும் பேத்திக்கும் இடும் பெயரே. தாய்வழிப் பாட்டியின் பெயரையோ தமக்கையின் பெயரையோ ஒரு பெண்குழந்தைக்குச் சூட்டினால், பதிவேடு மறந்தவரை வீடு மறவாது. நபி ஈஸா (அலை) அவர்களை மர்யமின் மைந்தர் என்று திருமறை தாயின் பெயராலேயே அழைப்பதையும் நினைவு கூர்க.

முன்னோர் மட்டுமின்றி மண்ணும் பெயரில் வாழ்வதுண்டு. பொத்தேரிக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள கோவளத்தில் தமீமுல் அன்ஸாரி அவர்களின் தர்கா இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் நபித்தோழர் என்பது மக்களின் நம்பிக்கை. தமீம் அன்சாரி என்னும் பெயர் இம்மாவட்டத்திலும் பிற மாவட்டங்களிலும் பரவலாக வழங்கக் காரணம் இத்தொடர்பே. வெளியூரிலிருந்து வந்து இங்குக் குடியேறியவர், தம் பிள்ளைக்கு வாழும் மண்ணின் பெயரொன்றைச் சூட்டுவதும் அழகே.

இக்காலத்தில் பெயருக்கு நேரும் இடர் படிவங்களில் இருக்கிறது. கடவுச்சீட்டு முதலியன இட்ட பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களைக் கொடுக்கின்றன. தலைப்பெழுத்தை விரித்து எழுதும்போது தந்தையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. அயல்நாட்டில் மகன் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறான். பாட்டனாரின் எழுத்து இடமின்றி உதிர்ந்துவிடுகிறது. கலாம் அவர்களின் பெயரில் மூன்று எழுத்துகளும் உதிராமல் நின்றமையால், இன்று இலக்னோவிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகைகளில் இராமேசுவரத்துக் குடும்பமொன்றின் மூன்று முன்னோரும் நிற்கின்றனர்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. அவசரம் வேண்டா. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது சுன்னத்து. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் பெயரின்றிப் பிறப்பைப் பதிந்து, பின்னர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. 12 மாதங்கள் வரை அதற்குக் கட்டணமும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையருகே நின்று ஒலியினிமை ஒன்றையே கண்டு முடிவு செய்யவேண்டிய நெருக்கடி எவர்க்கும் இல்லை. அந்நாட்களுள் ஊரிலுள்ள முதியோரிடம் சென்று, இருவழியிலும் பாட்டன், பாட்டி, கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மூல எழுத்தையும் பொருளையும் ஆலிம் ஒருவரிடம் உசாவுங்கள். பொருள் நல்லதாய், தாங்கியவர் நல்லவராய் இருக்கும் பெயர் ஒன்றேனும் அவற்றுள் இல்லாமற் போகாது. புதுப்பெயரே வேண்டுமெனில் அதனை முன்னே வைத்து, பழம்பெயரைத் துணையாகச் சேர்க்கலாம்.

பெயர்களை எழுதிய அந்தத் தாளைக் கிழித்துவிடாமல், வீட்டிலுள்ள கிதாபின் முதலேட்டில் ஒட்டி வையுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அன்று பிள்ளையே அதனைப் படிக்கட்டும். தன் தலைப்பெழுத்து யாருடைய பெயர், அவர் எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார் என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல, முதியோர் உயிரோடிருக்கும் காலம் இதுவே.